மாஸ்டர் சார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க, டாக்டர்!

வாசகர் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை, சூரமங்கலம், சேலம்

மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளியியல் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள், டாக்டர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே புகார்தான்: நாம் சொல்வது அந்தப் பக்கத்துக்குப் புரிவதில்லை. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். கைடு (ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்) படித்துவிடுவார் என்ற பயம்தான், வேறென்ன.

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இறுதியாண்டு படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பற்றி தீசிஸ். டேட்டா எடுத்து முடித்துவிட்டேன். ஸ்டாட்டிஸ்டீசியன் கோயம்புத்தூரில் இருக்கிறார். எக்செல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தினம் ஒரு சந்தேகம் கேட்கிறார். திருத்தி அனுப்பினால், அதற்குள் பழைய ஃபைலிலேயே வேலையை முடித்து வைத்திருக்கிறார். ஆன்லைனில் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்ய என்ன வழி?
- முதுநிலை மாணவி, அஸ்தம்பட்டி

கண்ணு, அவர் கேட்கும் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிப் பார். பாதிக்கு மேல் மாஸ்டர் சார்ட்டை, அதாவது எல்லா நோயாளிகளின் விவரமும் இருக்கும் அந்த எக்செல் அட்டவணையை, ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்தே இருக்காது. என்னிடம் வரும் மாஸ்டர் சார்ட்டுகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன், உன்னுடையதோடு ஒப்பிட்டுக்கொள். வயதும் பாலினமும் ஒரே கட்டத்தில், "56/ஆண்" என்று. ரத்த அழுத்தம் "130/80" என்று ஒரே கட்டத்தில். சர்க்கரை எத்தனை வருடமாக என்ற இடத்தில் ஒருவருக்கு "10", அடுத்தவருக்கு "6 மாதம்", அதற்கடுத்தவருக்கு "ரொம்ப நாளாக". வாக்னர் கிரேடு (கால்புண் எவ்வளவு மோசம் என்று சொல்லும் எண்) ஒரு வரியில் 2, ஒரு வரியில் ரோமன் எண், இன்னொன்றில் "கிரேடு இரண்டு". எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) சில இடத்தில் சதவீதக் குறியோடு, சில இடத்தில் குறி இல்லாமல். டெஸ்ட் எடுக்காதவர்களுக்கு ஒரு பக்கத்தில் கோடு, ஒரு பக்கத்தில் காலி, ஒரு பக்கத்தில் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம் சராசரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் போதாதென்று, கால் எடுக்க வேண்டிவந்த நோயாளிகளின் வரிக்கு மஞ்சள் கலர். நீயும் நானும் கலரைப் பார்ப்போம், எஸ்பிஎஸ்எஸ், ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் பார்க்காது. தீசிஸுக்கே உயிரான விடை, கால் போனதா இல்லையா என்பது, கோயம்புத்தூர் போய்ச் சேரவே இல்லை!

ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்கள்), ஒரு கட்டத்தில் ஒரே ஒரு தகவல். மேல் அழுத்தம் தனி, கீழ் அழுத்தம் தனி. கால் எடுத்ததா என்பதற்கு ஒரு பத்தி, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இதை இன்றே செய்துவிடலாம்.

அடுத்து, ஃபைலை அனுப்புவதையே நிறுத்து. ஃபைல் ஒரே இடத்தில் இருக்கட்டும், நீங்கள் இருவரும் அங்கே வாருங்கள். உன் கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) ஒத்துக்கொண்டால் கூகுள் ஷீட்ஸ் போதும். வாக்னர் கிரேடு பத்தியில் 0 முதல் 5 வரை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி பட்டியல் வைத்துவிடலாம், வேறு எதையும் அது வாங்காது. யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்ற வரலாறு உள்ளேயே இருக்கும். அவருடைய சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் கேட்காமல், சம்பந்தப்பட்ட கட்டத்திலேயே குறிப்பாகப் போடச் சொல். "37ஆம் நோயாளிக்கு கிரியேட்டினின் 12 என்று இருக்கிறது, 1.2-ஆ?" என்று அங்கேயே கேட்பார். நீ கேஸ் ஷீட்டைப் பார்த்து அங்கேயே பதில் போடுவாய். ஆறு மாதம் கழித்து எக்ஸாமினர் கேட்டால் காட்டுவதற்கும் ஆச்சு.

பெயர், போன் நம்பர், ஐபி நம்பர் (மருத்துவமனையில் சேரும்போது கொடுக்கும் எண்) எதுவும் அந்த ஷீட்டில் வேண்டாம். நோயாளிக்கு ஒரு வரிசை எண் கொடு. எந்த எண் எந்த ஐபி நம்பர் என்ற பட்டியல் உன் கைடின் பீரோவில் இருக்கட்டும்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ், ரெட்கேப், கோபோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில் நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி தொடங்கப் போகிறோம். எதை எடுப்பது?
- பொதுநல மருத்துவர், ஐந்து ரோடு

ரெட்கேப் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் உருவானது. மருத்துவ ஆராய்ச்சிக்கு விவரம் சேர்க்கவென்றே செய்த மென்பொருள். இலாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்குக் கட்டணம் இல்லை. யாருக்கு எந்தப் பக்கம் தெரியலாம், யார் மாற்றலாம் என்று பிரித்து வைக்கலாம், ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். ஆனால் தனி டாக்டர் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் இறக்கிக்கொள்ள முடியாது. நிறுவனம் ஒப்பந்தம் போட வேண்டும், சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்களோடு ஒரு மருத்துவக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ சேர்ந்தால் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், போனிலேயே படிவம் நிரப்பி விவரம் சேர்க்கும் கோபோ டூல்பாக்ஸ். 

எக்செல்லை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம், என் வீட்டுப் பால் கணக்கே அதில்தான். ஆனால் நோயாளி விவரத்துக்கு அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா கேஸ்கள் கணக்கில் ஏறாமல் விட்டுப்போயின. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் பிடிப்பதும் அதனால் தாமதமானது. அதே வருடம், மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே, பெயர் சூட்டும் சர்வதேசக் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. எக்செல்லைத் திருத்த முடியவில்லை, மரபணுவைத் திருத்திவிட்டார்கள்!

எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் பெயர், பொருள், அலகு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வரலாம், டெஸ்ட் எடுக்காவிட்டால் என்ன போடுவது. "சர்க்கரை நோயாளி" என்று யாரைச் சொல்கிறீர்கள்? வெறும் வயிற்றில் 126-க்கு மேலா, எச்பிஏ1சி 6.5-க்கு மேலா, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களா? உங்கள் நாலைந்து பேருக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இருக்காது. டாக்டரும் ஸ்டாட்டிஸ்டீசியனும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டிய பட்டியல் இது. இது இருந்தால் கூகுள் ஷீட்ஸ்கூட ஓடும். இல்லாவிட்டால் ரெட்கேப்பிலும் குப்பைதான் சேரும்.

ஏற்காட்டில் வேலை பார்க்கிறேன். மலைக்கிராமப் பெண்களுக்கும் சேலம் நகரப் பெண்களுக்கும் ரத்தசோகை எவ்வளவு என்று ஒப்பிட ஆசை. பல ஊர்களில் சிக்னல் கிடையாது. தெரிந்த ஸ்டாட்டிஸ்டீசியன் ஒருவர், 4பிக்யூ ஃபார்முலாவில் 400 பேர் போதும் என்றார். தொடங்கலாமா?
- அரசு மருத்துவர், ஏற்காடு

தொடங்குவதற்கு முன் அந்த ஸ்டாட்டிஸ்டீசியனை ஒருநாள் மலைக்கு வரச் சொல்லுங்கள், டாக்டர். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கினால் அவருக்கே ஒரு விஷயம் உறைக்கும்: உயரம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். உயரம் கூடக் கூட காற்றில் ஆக்சிஜன் குறையும், உடம்பு அதைச் சமாளிக்க ஹீமோகுளோபினைக் கூட்டும். அதனால் உயரத்தில் வாழ்பவர்களின் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் ரத்தசோகையைக் கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய கணக்கில் 1,500 மீட்டருக்கு 0.5 கிராம் கழிப்பார்கள். 2024-இல் வந்த வழிகாட்டுதலில் 500 மீட்டரிலிருந்தே கழித்தல் தொடங்குகிறது. 1,000 முதல் 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1. சேலம் நகரம் 300 மீட்டருக்குக் கீழே, ஏற்காடு ஏறத்தாழ 1,500.

இப்போது ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி இல்லை, ஹீமோகுளோபின் 12.4. அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தால் 12-க்கு மேல், ரத்தசோகை இல்லை. ஏற்காட்டில் குடியிருந்தால் பழைய கணக்கில் 11.9, புதுக் கணக்கில் 11.3. இரண்டிலும் ரத்தசோகை. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மலைப்பெண்கள் நகரப்பெண்களைவிட ஆரோக்கியமாக இருப்பதாக அழகான பி வேல்யூவோடு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டால் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்; சின்னதாக இருந்தால் வித்தியாசம் நிஜம் என்பார்கள்) கட்டுரை வந்துவிடும். கணக்கில் ஒரு தப்பும் இருக்காது. கீழே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு உயரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மேலே இருக்கும் உங்களுக்கு அது தெரியும், ஆனால் ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

ஆகவே ஊரின் உயரத்துக்கு ஒரு பத்தி வையுங்கள். ஏற்காடு 1,500 கோட்டையே ஒட்டி இருப்பதால், பக்கத்துப் பக்கத்து ஊர்களே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழும். போன் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம், ஏறி இறங்கும். வரைபடத்தில் பார்த்து ஊருக்கு ஒரு உயரம் என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிடுங்கள். ஹீமோகுளோபினை மெஷின் காட்டியபடியே எழுதுங்கள். கழித்த எண்ணை யாரும் கையால் எழுதக் கூடாது. கழிப்பது ஸ்டாட்டிஸ்டீசியனின் புரோகிராம் வேலை. நாளைக்கு வழிகாட்டுதல் மாறினாலும் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டிவிடலாம். மெஷினுக்கும் ஒரு பத்தி. மலையில் விரல் நுனி ரத்தத்தைக் கைக்கருவியிலும், சேலத்தில் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை லேப் அனலைசரிலும் பார்த்தால், நீங்கள் ஒப்பிடுவது பெண்களையா மெஷின்களையா என்று தெரியாமல் போகும். முடிந்தால் இரண்டு இடத்திலும் ஒரே கருவி.

அப்புறம் அந்த 400. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 4 பெருக்கல் 53.4 (இருப்பவர்கள், பி) பெருக்கல் 46.6 (இல்லாதவர்கள், க்யூ), அதை 5 சதவீதம் முன்பின் போகலாம் என்று வைத்து 5-இன் வர்க்கமான 25-ஆல் வகுத்தால் 398 சொச்சம். கணக்கு சரி, கேள்விதான் வேறு. ஒரு ஊரில் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஃபார்முலா அது. இரண்டு இடத்தை ஒப்பிட வேறு ஃபார்முலா உண்டு. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உங்களுக்கு முக்கியம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், ஸ்டாட்டிஸ்டீசியன் இல்லை. கிராமம் கிராமமாக எடுப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும், ஒரே ஊர்க்காரர்கள் சாப்பாட்டிலும் வேலையிலும் ஒன்றுபோல இருப்பார்கள் இல்லையா. ஓபன்எபி என்ற இலவச இணையதளத்தில் இருவரும் சேர்ந்து திரையைப் பார்த்தபடி எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

சிக்னல் பெரிய பிரச்சினையே இல்லை. கோபோ, அதைப் போன்ற ஓடிகே இரண்டிலும் படிவத்தை போனில் முன்பே இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமல் நிரப்பலாம். ஏற்காடு டவுனுக்கு வந்ததும் அனுப்பலாம். படிவத்தைத் தமிழிலேயே வையுங்கள், கிராம சுகாதாரச் செவிலியருக்கு வசதி.

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு டாக்டர்களுக்கு அனாலிசிஸ் செய்து தருகிறேன். "பி வேல்யூ 0.05-க்குக் கீழே வர மாதிரி பண்ணுங்க" என்கிறார்கள். கட்டுரையில் என் பெயரும் வருவதில்லை.
- ஓமலூர் வாசகர்

தம்பி, வர மாதிரி பண்ணச் சொன்னால் செய்யாதே. எந்த அனாலிசிஸ் செய்யப் போகிறாய் என்பதை டேட்டா வருவதற்கு முன்பே எழுதி, தேதியோடு பொதுவான ஃபோல்டரில் போட்டுவிடு. பிறகு கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம், சண்டை போட வேண்டியதில்லை. மருந்துச் சோதனை போன்ற ஆய்வென்றால், 2018 ஏப்ரல் முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். என்ன அளக்கப் போகிறோம் என்று அங்கேயே எழுதியிருக்கும்.

பெயர் விஷயம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ டேட்டாவிலோ அனாலிசிஸிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ கருத்தோடு திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், எழுதியதற்குப் பொறுப்பேற்பது. நாலும் வேண்டும். அனாலிசிஸ் மட்டும் செய்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனால் உனக்கு நன்றி வரிதான் கிடைக்கும், அது நியாயமும்கூட. கட்டுரையின் வரைவைப் பொதுவான டாக்குமெண்டில் வைக்கச் சொல், முறைகள் பகுதியை நீ எழுது, முடிவுரையில் அளவுக்கு மீறிச் சொல்லியிருந்தால் குறிப்புப் போடு. பெயர் போடுவதா என்ற பேச்சை முதல் நாளே பேசிவிடு. கூச்சப்பட்டால் யாருக்கும் லாபமில்லை.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ அவர்கள் ஓபி-யில் ஒருநாள் காலை உட்கார்ந்திருக்கிறாயா? டோக்கன் கூட்டத்துக்கு நடுவே பிபி பார்க்கும்போது கடைசி இலக்கம் ஏன் எப்போதும் 0-ஆகவே வருகிறது என்று அங்கேதான் புரியும்.

1938-இல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் சொன்னது உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது போஸ்ட்மார்ட்டத்துக்குக் கூப்பிடுவதுதான், எதனால் செத்தது என்று சொல்லலாம். டாக்டர்களிடம் இதைவிட நம்ம ஊர்க் கதையைச் சொல். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வீட்டில் வைத்துப் பார்த்த சிகிச்சை, காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல என்று 1959-இல் வெளியிட்டது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாற அதுவும் ஒரு காரணம். யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை டாக்டரின் மனசுக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டார்களே, அந்த இடத்தில் இருக்கிறது நம் தொழில். முதல் நோயாளிக்கு முன்பே போட வேண்டிய திட்டம் அது.

என் அம்மாவின் விவரத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஆன்லைனில் வைப்போம் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
- ஆத்தூர் வாசகி

கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். எதிக்ஸ் கமிட்டியைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி விவரங்களை ரகசியமாக வைப்பது ஆராய்ச்சியாளரின் கடமை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "அம்மாவின் பெயரும் போன் நம்பரும் அந்த ஃபைலில் இருக்குமா?" இருக்கும் என்றால் எடுக்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஒரு சின்ன மலைக்கிராமம், பெண், வயது 93 என்று எழுதினால் அந்த ஊரில் டீ குடிக்கும் எவரும் பாட்டியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் பதில் ஒன்றியம், 93-க்குப் பதில் "80-க்கு மேல்" போதும்.

செயற்கை நுண்ணறிவிடம் எக்செல்லைக் கொடுத்தால் நிமிடத்தில் அனாலிசிஸ் செய்கிறது. இனி ஸ்டாட்டிஸ்டீசியன் எதற்கு?
- குழந்தைநல மருத்துவர், மேட்டூர்

செய்யும். மஞ்சள் கலர் எதற்கு என்று கேட்குமா, ஏற்காடு எவ்வளவு உயரம் என்று கேட்குமா என்று நீங்களே பாருங்கள். நோயாளி விவரத்தை அதில் ஒட்டுவதற்கு முன் உங்கள் எதிக்ஸ் கமிட்டியைக் கேளுங்கள். புரோகிராம் எழுதிக்கொள்ள நானும் அதைப் பயன்படுத்துகிறேன், பொய்யாகச் செய்த நாலு வரி டேட்டாவை மட்டும் கொடுத்து.

ஸ்டாட்டிஸ்டீசியனோடு முதல் வீடியோ மீட்டிங். அரை மணி நேரம்தான் கிடைக்கும். என்ன பேசுவது?
- மகப்பேறு மருத்துவர், குகை

காலி டேபிள்களை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டுரையில் கடைசியில் வரப்போகும் டேபிள்களை இப்போதே தலைப்போடு, வரி, பத்தி எல்லாம் போட்டு, எண் மட்டும் இல்லாமல் வரையுங்கள். டம்மி டேபிள் என்பார்கள். திரையில் அதைக் காட்டினால் போதும், ஆராய்ச்சிக் கேள்வியை நீங்கள் நீட்டி முழக்க வேண்டியதில்லை. "இந்தக் கட்டத்தில் எத்தனை பேர் வருவார்கள்?" என்று அவர் கேட்பார். முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, சிசேரியன், ரத்த அழுத்தம் என்று நாலாகப் பிரித்த டேபிளில் ஒரு கட்டத்துக்கு வருடத்துக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். அந்த டேபிளை அடித்துவிடுங்கள். ப்ரோஃபார்மாவில் (நோயாளி விவரம் நிரப்பும் படிவம்) இருக்கும் எந்தக் கேள்வி எந்த டேபிளுக்கும் போகவில்லையோ, அதையும் அடியுங்கள். ஹவுஸ் சர்ஜன்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

மிச்ச நேரத்தில் யார் எதை எப்போது தருவது என்று ஒரு பொது டாக்குமெண்டில் மூன்று வரி எழுதி, இருவரும் பார்த்த பிறகு மீட்டிங்கை முடியுங்கள். அடுத்த மீட்டிங் முதல் பத்து நோயாளிகளின் டேட்டா வந்ததும், கடைசி நோயாளி வந்த பிறகு இல்லை.